கீமோ அன்று லீவு போடுவது வீணா?

கடிகாரம் | ஜூன் 3, காலை 6:50

வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டில் கீமோ எடுப்பவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள், இருக்கிற லீவையெல்லாம் கீமோ நாளிலேயே கரைத்துவிடுகிறார்கள். தப்பான நாள் என்பது என் வாதம். அன்று நோயாளியைச் சுற்றி நர்ஸ், டாக்டர், மருந்து, ஆக்ஸிஜன் எல்லாம் இருக்கிறது. கூடப் போனவருக்கு நாற்காலியைத் தேய்ப்பதுதான் வேலை. வீட்டில் ஆளில்லாத நாலாம் நாளும் பத்தாம் நாளும்தான் பயப்பட வேண்டியவை. 21 நாள் சுற்று ஒன்றுக்கு மூன்று நாள் லீவுதான் கிடைக்கும் என்றால் எந்த மூன்று? மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

வார்டுபக்கம் | ஜூன் 3, காலை 9:15

பாதி சரி. முதல் கீமோவுக்கும் இரண்டாவதுக்கும் ஆள் வேண்டும், அதில் பேரமே கிடையாது. பாக்லிடாக்ஸெல் போன்ற மருந்துகளில் ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு தடவைக்குள், அதுவும் சொட்டத் தொடங்கிய முதல் பத்து நிமிடங்களில் வரும். அதை நர்ஸ் பார்த்துக்கொள்வார். ஆள் தேவைப்படுவது வேறு காரணத்துக்கு. ஒவ்வாமை வராமலிருக்க முன்கூட்டியே போடும் ஊசி தூக்கக் கலக்கம் தரும். அந்த நிலையில் சொல்லப்படும் வீட்டுக் குறிப்புகள், எந்த மாத்திரை எப்போது, எந்த நம்பரைக் கூப்பிடுவது, எதுவும் நோயாளியின் மனதில் நிற்காது. வண்டி ஓட்டவும் கூடாது.

மூன்றாவது சுற்றிலிருந்து, கொண்டுபோய் விட ஒருவர், கூட்டிவர ஒருவர் இருந்தால் போதும். ஒரு விதிவிலக்கு: கார்போபிளாட்டின். அதன் ஒவ்வாமை தலைகீழ், பல தடவை உடம்புக்குள் போன பிறகு, ஆறாவது ஏழாவது தடவை வாக்கில் தலைகாட்டும். முன்பு ஒருமுறை கார்போபிளாட்டின் எடுத்து, நோய் திரும்பி வந்து மறுபடி எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். ஆக்ஸாலிபிளாட்டினும் ஏறக்குறைய அப்படித்தான்.

கடிகாரம் | ஜூன் 3, பகல் 1:05

சரி, முதல் இரண்டையும் விட்டுக்கொடுக்கிறேன். மீதிக்கு என் வாதம் அப்படியே நிற்கிறது.

வார்டுபக்கம் | ஜூன் 4, இரவு 10:30

21 நாள் சுற்றை நாள் வாரியாக எழுதுகிறேன். கீமோ நாள் என்பது நாள் 1. மருந்துக்கு மருந்து மாறும், இது பொதுவான வடிவம்.

நாள் 1 முதல் 3 வரை: வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உடம்பில் ஓடுகிறது. ஆள் தெம்பாகத் தெரிவார், அதிகம் பேசுவார், ராத்திரி தூங்கமாட்டார். இதைப் பார்த்துவிட்டு ‘இந்தத் தடவை நன்றாக இருக்கிறார்’ என்று லீவை ரத்து செய்யாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரையின் கடைசி வேளையை மதியத்துக்குள் முடிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், இரவுத் தூக்கம் கொஞ்சம் மிஞ்சும். பார்த்துக்கொள்பவருக்கும்தான்.

நாள் 3 முதல் 5 வரை: ஸ்டீராய்டு நின்றதும் சரிவு. தாமத வாந்தியும் இங்கேதான். சிஸ்பிளாட்டின் என்றால் 48 மணியிலிருந்து 72 மணிக்குள் உச்சம். தண்ணீர் இறங்காமல் சிறுநீர் குறைந்துபோவதுதான் இந்த நாட்களின் ஆபத்து. பக்கத்தில் ஆள் இருந்து மணிக்கு ஒருமுறை வாயில் எதையாவது ஊற்றவேண்டிய நாட்கள் இவை. லீவு இங்கே.

நாள் 7 முதல் 14 வரை: வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். ஆள் எழுந்து நடமாடுவார், உதவி அதிகம் தேவைப்படாது. ஆனால் காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. லீவு வேண்டாம், தூரம்தான் கூடாது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதானால் இந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் பயணம், போனை உள்ளே விடாத ஆலை வேலை இரண்டும் இப்போது ஆகாது.

நாள் 15 முதல் 20 வரை: மீட்சி. ஆபீசுக்கு முழுமூச்சாக உழைத்துக் கடனை அடைக்க வேண்டிய வாரம். ஓவர்டைம், ஷிஃப்ட் மாற்றியதற்குப் பதில் ஷிஃப்ட், தள்ளிப்போட்ட மீட்டிங் எல்லாம் இங்கே.

நாள் 20 அல்லது 21: ரத்தப் பரிசோதனை. பொதுவாக நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணு வகை) 1,500, தட்டணு (பிளேட்லெட்) ஒரு லட்சம் இருந்தால் அடுத்த கீமோ. சில மருந்துத் திட்டங்களில் இதைவிடக் குறைவாக இருந்தாலும் விடுவார்கள். எண் தேறாவிட்டால் வழக்கமாக ஒரு வாரம் தள்ளும்.

ஓரநாற்காலி | ஜூன் 4, இரவு 11:20

அந்தக் கடைசி வரியில்தான் எல்லார் திட்டமும் கவிழ்கிறது. ஆறு சுற்றுக்கும் தேதி போட்டு லீவு விண்ணப்பித்து, மூன்றாவது சுற்று ஒரு வாரம் தள்ளினால் அதற்குப் பின்னாலுள்ள தேதிகள் மொத்தமும் பொய்.

சம்பளப்பட்டியல் | ஜூன் 5, காலை 11:00

அதனால்தான் தேதியைக் கேட்காதீர்கள், வடிவத்தைக் கேளுங்கள் என்று சொல்வது. மேனேஜருக்குப் போகும் கடிதத்தில் இருக்கவேண்டியவை: எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, ஒவ்வொரு சுற்றிலும் எந்தெந்த நாள் லீவு, எந்த நாட்கள் வீட்டிலிருந்து வேலை, சுற்றின் தொடக்கத் தேதி உறுதியாவது எப்போது (ரத்தப் பரிசோதனை முடிவு வந்த மாலை, அதாவது ஒரு நாள் முன்புதான்), அவசரமாகக் கிளம்பினால் அன்றைய வேலை யார் கையில், இந்த ஏற்பாட்டை மறுபடி உட்கார்ந்து பேசும் தேதி. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடுகிறார்கள். முடிவுத் தேதி இல்லாத சலுகைக்கு மேனேஜர் தயங்குவார். ‘மூன்றாவது சுற்று முடிந்ததும் பேசுவோம்’ என்று இருந்தால் கையெழுத்துப் போடுவார்.

இருக்கக்கூடாதவை: நோயின் நிலை, பரவிய இடம், ஸ்கேன் படம். நோயாளியின் அந்தரங்கம் அது. புற்றுநோய் சிகிச்சை, கூட ஆள் தேவை, உத்தேசமாக இத்தனை மாதம், இடையிடையே விடுப்பு தேவைப்படும் என்று ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கம் போதும். சிகிச்சை தொடங்கும் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். ‘இடையிடையே’ என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லையென்றால் பல இடங்களில் தொடர் விடுப்பாகக் கணக்கில் ஏற்றிவிடுவார்கள்.

எடுக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு என்ன என்றும் கேளுங்கள். அரை நாளா, ஒரு மணி நேரமா? ரேடியேஷனுக்குப் போகிறவர்களுக்கு இந்த ஒரு பதிலே பல நாட்களை மிச்சம் பிடித்துக் கொடுக்கும்.

கடிகாரம் | ஜூன் 5, பகல் 12:40

அவசரமாக ஓடினால் ‘ஃபேமிலி எமர்ஜென்சி’ என்று மெசேஜ் போட்டால் போதாதா?

சம்பளப்பட்டியல் | ஜூன் 5, பகல் 12:52

முதல் தடவை எல்லோரும் பதறுவார்கள். இரண்டாவது தடவை ‘ஓகே, டேக் கேர்’. மூன்றாவது தடவை கட்டைவிரல் படம் மட்டும் வரும். நாலாவதற்கு முன் அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாம்ஷிஃப்ட் | ஜூன் 6, காலை 7:10

எல்லாம் லேப்டாப்காரங்களுக்குத்தான் பேசுறீங்க. மெஷின் முன்னாடி நிக்கிறவங்க, கவுண்டர்ல உக்காருறவங்க, பஸ் ஓட்டுறவங்களுக்கு வீட்டிலிருந்து வேலைங்கிறது கிடையாது. அவங்களுக்கு ஒரே வழி: லீவை நகர்த்தாதீங்க, கீமோ கிழமையை நகர்த்துங்க. புதன்கிழமை கீமோ வச்சா நாலாம் நாள் சனி, அஞ்சாம் நாள் ஞாயிறு. வார விடுமுறை இருக்கிறவருக்கு லீவே செலவாகாது. காலைல போய் சாயங்காலம் திரும்புற டே கேர் கீமோ வார்டுல முதல் சுற்றுக்குத் தேதி கொடுக்கும்போதே கேக்கணும். முதல் சுற்று விழுந்த கிழமைதான் கடைசி வரைக்கும் ஓடும்.

கடிகாரம் | ஜூன் 6, காலை 8:00

இதுதான் இங்கே வந்ததிலேயே உருப்படியான யோசனை. எந்த நாளில் லீவு என்று நான் கேட்டது பாதிக் கேள்விதான். எந்தக் கிழமையில் கீமோ என்பது அதற்கு முந்தைய கேள்வி.

வார்டுபக்கம் | ஜூன் 6, இரவு 9:45

கிழமையை மாற்றுவது நடக்கக்கூடியதுதான், ஆனால் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒன்று, வெள்ளணுவை ஏற்றும் பெக்ஃபில்கிராஸ்டிம் ஊசி. கீமோ முடிந்து குறைந்தது 24 மணி நேரம் கழித்துத்தான் போடவேண்டும். கீமோ வெள்ளிக்கிழமை என்றால் ஊசி சனிக்கிழமை, அன்று டே கேர் திறந்திருக்குமா? புதனானால் வியாழன், தொல்லையில்லை. இந்த ஊசியைத் தோலுக்கடியில் வீட்டிலேயே போடக் கற்றுக்கொடுப்பார்கள், 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கவேண்டும். உடம்பில் ஒட்டிவிட்டால் மறுநாள் தானே மருந்தைச் செலுத்தும் கருவியும் இருக்கிறது. இரண்டில் எது கிடைத்தாலும் ஒரு பயணம் மிச்சம். ஊசிக்குப் பிறகு ஓரிரு நாளில் இடுப்பு, தொடை எலும்பு வலிக்கும். எதிர்பார்த்தால் பயமிருக்காது.

இரண்டு, பம்ப். குடல் புற்றுநோய்க்கு 14 நாளுக்கு ஒருமுறை கொடுக்கும் ஃபோல்ஃபாக்ஸ் என்ற மருந்துத் திட்டத்தில் 5-எஃப்யூ மருந்து 46 மணி நேரம் சின்ன பம்ப் வழியாக வீட்டிலும் ஓடும். கழற்ற மூன்றாம் நாள் போகவேண்டும். வியாழன் மாட்டினால் சனி கழற்றவேண்டும், மறுபடி அதே டே கேர் பிரச்சினை. புதன் மதியம் 1 மணிக்கு மாட்டினால் வெள்ளி காலை 11 மணி. ஆபீசுக்கு அரை நாள் போச்சு. காலை 9 மணிக்குள் கழற்ற விரும்பினால் 11 மணிக்குள் மாட்டியிருக்கவேண்டும், அதற்கு முந்தைய நாளே ரத்தப் பரிசோதனை, டாக்டர் கையெழுத்து இரண்டும் முடிந்திருக்கவேண்டும்.

மூன்று, சனி ஞாயிறில் ஆஸ்பத்திரி போனை எடுப்பது யார்? நாலாம் அஞ்சாம் நாளை வேண்டுமென்றே வார இறுதிக்குத் தள்ளுகிறோம். அப்போது வாந்தி நிற்கவில்லை என்றால் கேட்பதற்கு ஆள் வேண்டும். அவசரப் பிரிவு மட்டும்தான் என்றால், வாந்திக்கான இரண்டாம் கட்ட மாத்திரையை வெள்ளிக்கிழமைக்குள் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரநாற்காலி | ஜூன் 7, காலை 10:20

பம்ப் பற்றி ஒரு சேர்க்கை. பேட்டரி இல்லாத, உள்ளே பலூன் வைத்த பம்ப் என்றால் 46 மணி என்பது துல்லியமில்லை. மருந்து போகும் வேகத்தை ஒழுங்குபடுத்தும் சின்னத் துண்டு தோலோடு ஒட்டி, உடம்புச் சூட்டில் இருக்கவேண்டும். அது கழன்று குளிரில் தொங்கினால் மருந்து மெதுவாகும், வெயிலில் பட்டால் வேகமெடுக்கும். ஓரிரண்டு மணி நேரம் முன்பின் ஆகலாம் என்று வைத்துத்தான் ஆபீசில் நேரம் சொல்லவேண்டும். பலூன் சுருங்காமல் அப்படியே இருந்தால் குழாயின் கிளிப் மூடியிருக்கிறதா என்று பாருங்கள், பிறகு போன் போடுங்கள். கசிந்தால் கிளிப்பை மூடி, கையுறை போட்டுக்கொண்டு, கசிந்ததைத் துடைக்கக் கொடுத்தனுப்பிய பொருட்கள் உள்ள பையைப் பிரிக்கவும்.

வார்டுபக்கம் | ஜூன் 7, மாலை 6:30

காய்ச்சல் பற்றித் தனியாக. மற்றதெல்லாம் சமாளிக்கலாம், இதில் மணிக்கணக்கு இருக்கிறது.

வாயிலோ அக்குளிலோ காதிலோ வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். ஆசனவாயில் வைத்துப் பார்க்கக்கூடாது, புண்ணாகி அதுவே தொற்றாகும். ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸ், அல்லது ஒரு மணி நேரம் விடாமல் 38.0, அதாவது 100.4 பாரன்ஹீட்: உடனே கிளம்பவேண்டும். சில ஆஸ்பத்திரிகள் இன்னும் குறைந்த எண்ணைக் கார்டில் எழுதித் தருவார்கள். கார்டில் உள்ளதே கணக்கு. அளப்பதற்கு முன் பாராசிட்டமால் கொடுத்தால் எண் இறங்கிவிடும், தொற்று இறங்காது. எனவே முதலில் தெர்மாமீட்டர், பிறகு போன், மாத்திரை அவர்கள் சொன்னால் மட்டும்.

அவசரப் பிரிவில் சொல்லவேண்டிய முதல் வாக்கியம்: ‘கீமோ எடுக்கிறார், இன்று பத்தாம் நாள், காய்ச்சல் 38.4.’ இந்த வரிசையில் சொன்னால் வரிசையில் நிற்க விடமாட்டார்கள். போய்ச் சேர்ந்து 60 நிமிடத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் ஏறவேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றும் இலக்கு. நியூட்ரோஃபில் 500க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் சில நாள் படுக்கை.

காய்ச்சல் இல்லையென்றால் தொற்று இல்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். ஸ்டீராய்டு எடுப்பவருக்கும் வயதானவருக்கும் சூடு ஏறாமலே போகலாம். உடம்பு நடுக்கம், திடீர்க் குழப்பம், மயக்கம், வெப்பம் 36க்குக் கீழே. இவையும் அதே அவசரம்தான்.

கடிகாரம் | ஜூன் 7, இரவு 11:05

அப்படியானால் நாள் 7 முதல் 14 வரை வேலையிடத்தில் இருப்பவருக்கு என்ன விதி? அரை மணி தூரத்தில் ஒருவர் இருக்கவேண்டும், அது நாமாக இருக்கவேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், யாராவது. அவருக்கு மருத்துவம் தெரியவேண்டாம். வண்டியும் ஆஸ்பத்திரிப் பையும் எங்கே என்று தெரிந்தால் போதும். சைலன்ட்டில் இருந்தாலும் நோயாளி, அந்தப் பக்கத்து ஆள் இருவரின் நம்பருக்கு மட்டும் மணி அடிக்கும்படி நம் போனில் வைக்கலாம்.

இரண்டாம்ஷிஃப்ட் | ஜூன் 8, காலை 6:40

போனை லாக்கர்ல வாங்கி வச்சுக்கிற இடங்கள்ல? செக்யூரிட்டி அறை நம்பர், சூப்பர்வைசர் நம்பர் ரெண்டையும் வீட்டுச் சுவத்துல பெருசா எழுதி ஒட்டணும். ‘இன்னாருக்கு வீட்டிலிருந்து போன் வந்தா உடனே கூப்பிடணும்’னு சூப்பர்வைசர்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது, மூணு ஷிஃப்ட் செக்யூரிட்டிக்கும் தெரியணும். போன் வர்றது பெரும்பாலும் புது ஆள் இருக்கிற ஷிஃப்ட்லதான்.

இன்னொண்ணு. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து பகல்ல பாத்துக்கலாம்னு நிறைய பேர் நைட்டைக் கேட்டு வாங்குறாங்க. முதல் ரெண்டு சுற்று தாங்கும். அப்புறம் பகல்ல தூக்கமே கிடைக்காது, மூணாம் நாள் டெக்ஸாமெத்தசோன் போட்டவரும் முழிச்சிருப்பார், இவரும் முழிச்சிருப்பார், மெஷின்ல கையை விடப்போறது இவர்தான். காலை ஷிஃப்ட் வாங்கிட்டு மத்தியானம் வீட்டுக்கு வர்றது மேல்.

சம்பளப்பட்டியல் | ஜூன் 9, காலை 10:15

சட்டம் கேட்டு இரண்டு பேர் தனியாக எழுதியிருந்தார்கள். அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம்: 12 மாதத்தில் 12 வாரம், சம்பளமில்லை, வேலை பறிபோகாது, துண்டு துண்டாகவும் எடுக்கலாம். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைக்குத்தான். மாமியார், மாமனார், உடன்பிறந்தவர் சேரமாட்டார்கள். 50 ஊழியருக்குக் குறைந்த தனியார் நிறுவனம் சேராது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல் ஆண்டுக்கு ஒரு வாரம் பராமரிப்பு விடுப்பு, சம்பளமில்லை, அரை அரை நாளாக எடுக்கலாம், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை. தள்ளிப்போடச் சொல்லலாம், மறுக்க முடியாது, சான்றும் கேட்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறையில் ஆண்டுக்கு 5 வேலை நாள். இந்தியாவில் தனியார் வேலைக்கு இதற்கென்று தனி விடுப்புச் சட்டம் இல்லை. ஈட்டிய விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு, மேனேஜரின் மனசு, இந்த மூன்றுதான்.

நோயாளி உங்கள் ஆபீஸ் குழுக் காப்பீட்டில் இருந்தால் எந்த நாட்டிலும் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்: சம்பளமில்லா விடுப்பு எத்தனை நாள் தாண்டினால் காப்பீடு நிற்கும்? வேலையை விட்டுவிடலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு இந்தக் கேள்விதான் முதல் கேள்வி. பலர் ராஜினாமா கொடுத்த பிறகு கேட்கிறார்கள்.

ஓரநாற்காலி | ஜூன் 11, பகல் 3:30

கீமோ நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்க்கலாம் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு: ஆறு மணி நேரத்தில் இரண்டரை மணி வேலை நடந்தால் நல்ல நாள். டிரிப் பம்ப் கத்தும், கழிப்பறைக்கு ஸ்டாண்டோடு கூட்டிப்போகவேண்டும், மருந்துக் கிடங்கிலிருந்து பில் வரும். படிப்பது, திருத்துவது, மெயிலுக்குப் பதில், இவை நடக்கும். கால் பேசுவது நடக்காது, பக்கத்து நாற்காலியில் தூங்குகிறவர் முறைப்பார். பிளக் பாயின்ட்டுக்கு நடக்கும் போட்டி பங்குச் சந்தையைத் தோற்கடிக்கும். சார்ஜை வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு போகவும். அன்று ‘வேலையில் இருக்கிறேன்’ என்று ஆபீசில் சொல்லாதீர்கள், ‘அரை நாள்’ என்று போடுங்கள். பாதி வேலை செய்துவிட்டு முழு நாள் கணக்கு காட்டினால் சந்தேகம் தொடங்கும் இடம் அதுதான்.

கடிகாரம் | ஜூன் 12, இரவு 8:20

வாரா வாரம் கொடுக்கும் பாக்லிடாக்ஸெலுக்கு மேலே எழுதிய அட்டவணை செல்லுமா?

வார்டுபக்கம் | ஜூன் 12, இரவு 9:50

செல்லாது. அளவு குறைவு என்பதால் ஒவ்வொரு வாரமும் பெரிய சரிவும் பெரிய மீட்சியும் இருக்காது. வழக்கமாக 12 வாரம், மெதுவாகக் களைப்பு சேர்ந்துகொண்டே போகும். பிந்திய வாரங்களில் விரல் நுனி மரத்து, பொத்தான் போடவும் மாத்திரை அட்டையைப் பிரிக்கவும் சிரமப்படலாம். லீவை முதல் மாதத்தில் சிக்கனமாக எடுத்து, மூன்றாவது மாதத்துக்குச் சேர்த்துவையுங்கள்.

ஓரநாற்காலி | ஜூன் 14, காலை 9:00

ரேடியேஷன் பற்றி யாரும் பேசவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், பல திட்டங்களில் ஐந்து முதல் ஏழு வாரம். மார்பகத்துக்கு இப்போது 15 தடவையில், மூன்று வாரத்தில் முடிப்பது பரவலாகிவிட்டது, பொருத்தமானவர்களுக்கு ஐந்து தடவையிலும் முடிக்கிறார்கள். எத்தனை தடவை என்று முதல் நாளே கேளுங்கள், ஆபீசில் பேசவேண்டிய எண் அது.

மேஜையில் படுக்கும் நேரம் பத்துப் பதினைந்து நிமிடம்தான். போகவர ஆகும் நேரமும் காத்திருப்பும்தான் நாளைத் தின்னும். நாளின் முன்பகுதியில் நேரம் கேளுங்கள். மாலை நேரத்துக்கு, காலையிலிருந்து சேர்ந்த தாமதமெல்லாம் வந்து விழும். மெஷின் பழுது, பராமரிப்பு, விடுமுறை என்று விட்ட நாட்கள் கடைசியில் சேரும், எனவே முடிவுத் தேதியோடு ஒரு வாரம் கூட்டிச் சொல்லவும். அடிவயிற்றுப் பகுதிக்கு என்றால் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு படுக்கவேண்டியிருக்கும். சரியாக நிரம்பவில்லை என்றால் இறக்கிவிட்டு மறுபடி தண்ணீர் குடிக்கவைத்துக் காத்திருக்கச் சொல்வார்கள். அன்று பத்து மணி மீட்டிங் அவ்வளவுதான்.

பார்த்துக்கொள்பவர் தினமும் கூடப் போகத் தேவையில்லை. முதல் வாரமும் வாராந்திர டாக்டர் சந்திப்பு நாளும் போதும். களைப்பு கடைசி வாரங்களில்தான் ஏறும், தோல் எரிச்சல் முடிந்த பிறகு ஒரு வாரம் பத்து நாளில் உச்சத்துக்குப் போகும். ஆகவே லீவின் பாதியை ரேடியேஷன் முடிந்த மறு வாரத்துக்கு வையுங்கள். மேனேஜருக்கு இது புரியாது (‘முடிஞ்சிருச்சுன்னு சொன்னீங்களே?’), முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும்.

வார்டுபக்கம் | ஜூன் 14, இரவு 10:10

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு மேலே சொன்னது போதாது. இரண்டாவது மூன்றாவது வாரத்திலேயே வாய்ப்புண், விழுங்கமுடியாமை. சிலருக்குக் குழாய் வழி உணவு. கூடவே சிஸ்பிளாட்டினும் இருந்தால் நாலாவது வாரத்திலிருந்து சிகிச்சை முடிந்து மூன்று வாரம் வரை பகலில் ஒரு ஆள் வேண்டும். வேலைக்குப் போகிறவர் ஒருவரே இதைச் சமாளிக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீண்ட விடுப்பு எடுக்கவேண்டிய சிகிச்சை ஒன்று உண்டென்றால் இதுதான்.

இரண்டாம்ஷிஃப்ட் | ஜூன் 16, இரவு 11:30

மாத்திரைக் கீமோன்னா பிரச்சினையில்லைன்னு நினைக்கிறாங்க. கேப்சிடபின் 14 நாள் சாப்பிட்டு 7 நாள் விடணும், காலைல ராத்திரின்னு 12 மணி நேர இடைவெளி, சாப்பிட்டு அரை மணிக்குள்ள. ஷிஃப்ட்காரங்க வீட்டுல இந்த 12 மணி நேரம் உடையும். யார் எந்த வேளை கொடுக்கிறதுன்னு எழுதி வைக்கலைன்னா ரெண்டு பேரும் கொடுப்பாங்க, இல்லைன்னா ரெண்டு பேரும் விடுவாங்க. விட்டுப்போன வேளையைச் சேர்த்துக் கொடுக்கக்கூடாது. வழக்கத்தைவிட நாலு தடவை அதிகமா வயித்தால போனா, உள்ளங்கை சிவந்து வலிச்சா, அடுத்த வேளையைக் கொடுக்காம போன் போடணும். வெறுங்கையால தொடாதீங்க, மூடியில கொட்டிக் கொடுங்க.

ஓரநாற்காலி | ஜூன் 17, காலை 8:15

‘எழுதி வைக்க’ என்றதும்: நோட்டுப்புத்தகம் முழுக்க எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். ஒரே பக்கம். மருந்துத் திட்டத்தின் பெயர், கடைசி கீமோ தேதி, கடைசி நியூட்ரோஃபில், தட்டணு எண், போர்ட் அல்லது பிக் லைன் (மருந்து ஏற்ற உடம்பில் பொருத்தியிருக்கும் குழாய்) எந்தப் பக்கம், கடைசியாகக் கழுவிய தேதி (பிக் லைன் வாரம் ஒருமுறை), ஒவ்வாமை, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், இரவு நேர நம்பர். ரத்தப் பரிசோதனை வந்ததும் எண்ணை மாற்றி, போட்டோ எடுத்து மூன்று பேர் போனில். அவசரப் பிரிவில் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் இந்தப் பக்கத்தில் பதில் இருக்கும், ஆபீசிலிருந்து ஓடிவருகிறவருக்காக யாரும் காத்திருக்கவேண்டாம்.

கடிகாரம் | ஜூன் 19, இரவு 10:00

யோசித்துப் பார்த்தால் லீவுக் கணக்கில் இன்னொரு ஓட்டை தெரிகிறது. எல்லோரும் கடைசி கீமோவோடு திட்டத்தை முடிக்கிறார்கள். கடைசி கீமோவுக்கும் பத்தாம் நாள் உண்டு. அதன் பிறகு ஸ்கேன். ஸ்கேன் நாளுக்கு லீவு, ரிசல்ட் நாளுக்கு ஆபீஸ் என்று வைக்கிறார்கள். தலைகீழாக வைக்கவேண்டும். டாக்டர் அறையில் இரண்டாவது ஜோடிக் காது தேவைப்படுவது ரிசல்ட் நாளில்தான், அடுத்த முடிவுகள் எல்லாம் அங்கேதான் எடுக்கப்படும். கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கு சம்பள விடுப்பை அந்த நாளுக்கும் அதற்குப் பின்னாலும் தொடாமல் வைப்பது நல்லது.

இரண்டாம்ஷிஃப்ட் | ஜூன் 20, காலை 6:55

பெட் (PET) ஸ்கேனுக்கு ஆள் வேணாமா அப்போ?

வார்டுபக்கம் | ஜூன் 20, இரவு 9:20

கொண்டுபோய் விடவும் கூட்டிவரவும் வேண்டும். நடுவில் கூட உட்கார விடமாட்டார்கள். நாலு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். சர்க்கரை நோயாளி என்றால் காலை இன்சுலினை என்ன செய்வது என்று முந்தைய நாளே கேட்டுவிடுங்கள், சர்க்கரை ஏறியிருந்தால் ஸ்கேனை ரத்து செய்து அனுப்புவார்கள், அரை நாள் லீவு வீண். கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டு ஒரு மணி நேரம் அசையாமல் படுக்கை, பிறகு படம். மொத்தம் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். அந்த இடைவெளியில் வேலைக்குப் போய் வரலாம். கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும் என்பதால் அன்று மாலை வரை கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் ஒட்டி உட்காரவேண்டாம். கூட்டிவரப் போகிறவரே கர்ப்பிணி என்றால் அன்றைக்கு வேறு ஆளை அனுப்புங்கள்.